விடுதிக் கணக்கும் புக்கர் வாஷிங்டனும்

நம் கல்விச் சங்கம் வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில், பள்ளிப்பட்டு வட்டார இளைஞர்கட்கு அமெரிக்கக் கறுப்பின மக்களின் கல்விக்கு உழைத்த புக்கர் டி. வாஷிங்டனின் வாழ்வை எடுத்துரைக்க விழைகிறோம்.

1856இல் வர்ஜீனியாவில் அடிமைத் தாயின் மகனாய்ப் பிறந்தார். விடுதலைக்குப் பின் உப்பு உலையிலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் உழைத்தார். 1872இல் ஹாம்ப்டன் பள்ளியை அடைந்து, அறைகளைப் பெருக்கித் துடைத்து, உணவுச் செலவின் பெரும்பகுதியை ஈடுகட்டிப் பயின்றார்.

1881 ஜூலை 4ஆம் நாள் அலபாமா மாநிலத்து டஸ்கெகியில் 30 மாணவருடன் பள்ளி தொடங்கினார். அரசு ஆண்டுதோறும் அளித்த 2,000 டாலர் ஆசிரியர் ஊதியத்திற்கே உரியது. நிலம் வாங்க அதில் ஒரு காசும் எடுக்கலாகாது. 500 டாலருக்கு ஒரு தோட்டம் விலைக்கு வந்தது. முன்பணமாக 250 டாலர் கடன் கேட்டு, ஹாம்ப்டன் பொருளாளர் மார்ஷலுக்கு எழுதினார். பள்ளிப் பணத்தைக் கடன்தர உரிமையில்லையென்ற மார்ஷல், தம் சொந்தப் பணத்தை அனுப்பினார். பொதுப்பணம் வேறு, தன் பணம் வேறு என்னும் அறம் இதுவே.

ஆசிரியை ஒலிவியா டேவிட்சன் அம்மையார் வீடுவீடாகச் சென்று நிதி திரட்டினார். மூன்று மாதத்தில் அக்கடன் தீர்ந்தது. அடிமையாய் வாழ்ந்த மூதாட்டி ஒருவர் ஆறு முட்டைகளைக் கொணர்ந்து தந்தார். 1901இல் வெளியிட்ட தன்வரலாற்றில், செல்வர்தம் கொடைகளோடு அம்முட்டைகளையும் வாஷிங்டன் மறவாது குறித்தார்.

விடுதியில் உணவு, அறை, விறகு, சலவை யாவற்றுக்கும் மாதம் 8 டாலர் கட்டணம். மாணவர் பள்ளிக்குச் செய்த வேலையின் மதிப்பு அவரவர் விடுதிக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. ஆதலின் அவர்கள் உண்டது பிச்சைச் சோறன்று. உழைத்துப் பெற்ற உணவு. ஏழை மாணவனைத் தலைநிமிரச் செய்தது அந்த வரவுப் பத்தியே.

மாணவரைக் கொண்டு இட்ட செங்கற்சூளை மும்முறை பழுதுற்றது. கையில் காசில்லாத நிலையில் தம் கடிகாரத்தை 15 டாலருக்கு அடகு வைத்தார். நான்காம் சூளை வென்றது. கடிகாரத்தை மீட்க இயலவில்லை. 1915இல் அவர் மறைந்தபோது அங்கு 1,500 பேர்வரை பயின்றனர்.

உரிமைப் போரைப் பின்தள்ளினார் என்று டுபாய்ஸ் போன்றோர் அவரைக் கண்டித்தனர். அண்ணல் அம்பேத்கர் வழி நிற்கும் நாம் அக்கண்டனத்தைப் புறந்தள்ளோம். ஆயினும் நிறுவனம் நடத்தும் நெறியை அவரிடம் கற்கலாம்.

இளைஞர்களே! நாளை நம் சங்கத்தின் பொருளாளர்கள் நீங்களே. கூலி வேலை செய்யும் தாய் தரும் ஒரு ரூபாய்க்கும் ரசீது எழுதுங்கள். நாள்வழியும் பேரேடும் எவர் கேட்பினும் விரித்துக் காட்டுங்கள். நம்மைக் குறைகூறக் காத்திருப்போர் பலர். நேரிய கணக்கே அவர்களுக்கு நாம் தரும் விடையாகும்.