பணம் சேர்ந்தால் கடவுளின் ஆசீர்வாதமா? ஜான் வெஸ்லி பயந்தது வேறு

1776-ல் இங்கிலாந்தில், வீட்டில் வெள்ளிப் பாத்திரம் வைத்திருப்பவர்கள் கணக்குக் காட்டி வரி கட்ட வேண்டும் என்று சட்டம் இருந்தது. நாடு முழுக்கத் தெரிந்த பிரசங்கியார் ஜான் வெஸ்லி கணக்கே காட்டவில்லை. மறைக்கிறார் என்று அதிகாரிகளுக்குச் சந்தேகம் வந்து கடிதம் போட்டார்கள். வெஸ்லி அனுப்பிய பதில் ரொம்பச் சின்னது. லண்டனில் 2 வெள்ளி ஸ்பூன், பிரிஸ்டலில் 2. அவ்வளவுதான் இருக்கு, சுற்றிலும் இத்தனை பேர் சாப்பாட்டுக்குத் தவிக்கும்போது இதற்கு மேல் வாங்கப் போவதும் இல்லை.

அப்போது அவருக்கு வயது 73. கையில் காசு இல்லாதவரும் இல்லை. அவர் எழுதிய புத்தகங்கள் நன்றாக விற்றுக்கொண்டிருந்தன.

விசுவாசம் இருந்தால் வருமானம் பெருகும், காணிக்கை போட்டால் பல மடங்காகத் திரும்பி வரும் என்கிற 'செழிப்பு உபதேசம்' இன்று பல நாடுகளில் கூட்டம் சேர்க்கிறது. பணம் பற்றி வெஸ்லி சொன்னதில் முதல் பகுதியை மட்டும் கேட்டால், இவரும் அதே கட்சி என்றுதான் தோன்றும். ராயப்பேட்டையிலும் கொழும்பிலும் பள்ளிகளுக்குப் பெயராக நிற்கும் இந்த வெஸ்லியின் வாழ்க்கை சொல்வது வேறு.

கடனுக்குச் சிறை போன அப்பா

1703-ல் லிங்கன்ஷயரில் உள்ள எப்வொர்த் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா சாமுவேல் அந்த ஊர் ஆலயத்தின் போதகர். பிறந்த பிள்ளைகள் 19; பாதிப் பேர் குழந்தையிலேயே இறந்துபோனார்கள். ஜானுக்கு 2 வயது இருக்கும்போது, கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் அப்பா லிங்கன் கோட்டைச் சிறைக்குப் போனார். ஜெபத்துக்கு அந்த வீட்டில் குறைவே இல்லை, பணம்தான் இல்லை. பணமே ஆசீர்வாதத்தின் அடையாளம் என்றால் இந்தக் குடும்பத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

படிப்பில் கெட்டிக்காரர். 1726-ல் ஆக்ஸ்ஃபோர்டின் லிங்கன் கல்லூரியில் ஃபெலோ ஆனார். நிலையான வருமானம் வந்தது. அறைச் சுவரில் மாட்டப் படங்கள் வாங்கினார். ஒரு குளிர்கால நாளில், அவரும் நண்பர்களும் செலவு செய்து படிக்க வைத்த ஏழைச் சிறுமி ஒருத்தி வந்து நின்றாள். உடம்பில் மெல்லிய துணி ஒன்றுதான். ஏதாவது கொடுக்கலாம் என்று பையில் கைவிட்டால் காசு கிட்டத்தட்டக் காலி. இவளுக்குக் குளிர் தாங்கும் உடை வாங்கியிருக்க வேண்டிய பணம்தான் சுவரில் தொங்குகிறது என்று அப்போது உறைத்தது. பல வருடம் கழித்து, உடை பற்றிய ஒரு பிரசங்கத்தில் இதை அவரே சொன்னார்.

இன்னொரு பிரசங்கத்தில் ஓர் இளைஞரின் வரவு செலவு வருகிறது. முதல் வருடம் வருமானம் 30 பவுண்டு. 28-ல் வாழ்ந்து 2 பவுண்டைக் கொடுத்துவிட்டார். அடுத்த வருடம் 60 வந்தது. அதே 28-ல் வாழ்ந்து 32 கொடுத்தார். பிறகு 90 வந்தபோது 62, 120 வந்தபோது 92. அந்த இளைஞர் வெஸ்லிதான் என்பது பொதுவான கருத்து. சம்பளம் ஏறினால் வாழ்க்கை முறையும் ஏறணும் என்ற எண்ணமே அவருக்கு இல்லை.

சுரங்கத் தொழிலாளர் நடுவே

1735-ல் மிஷனரியாக அமெரிக்காவின் ஜார்ஜியா போனார். சரிப்பட்டு வரவில்லை. திரும்பி வந்து, 1738 மே 24 அன்று லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு கூட்டத்தில் உள்ளத்தில் பெரிய மாற்றத்தை உணர்ந்தார். பல ஆலயங்கள் இவருக்குக் கதவைச் சாத்த, 1739-ல் பிரிஸ்டல் பக்கம் திறந்தவெளியில் பேசத் தொடங்கினார். கேட்க வந்தவர்களில் கிங்ஸ்வுட் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் பலர். மெதடிஸ்ட் இயக்கம் வளர்ந்தது இப்படிப்பட்ட மக்களிடம்தான்.

லண்டனில் பாழடைந்து கிடந்த ஒரு பீரங்கி வார்ப்பாலையை வாங்கி மையமாக்கினார். 1746-ல் அங்கே ஏழைகளுக்கு மருந்து கொடுக்கும் இடமும், சிறு தொழில் செய்வோருக்கு 20 ஷில்லிங் வரை கைமாற்று தரும் நிதியும் தொடங்கின. 3 மாதத்தில் திருப்பிக் கட்டணும். நோயாளிகளைப் பார்க்க நிலவறைகளிலும் மச்சு அறைகளிலும் ஏறி இறங்கியவர், உடம்பில் தெம்பு இருந்தும் வேலை செய்யாத ஒருவரைக்கூட அங்கே பார்க்கவில்லை என்று 1753-ல் எழுதினார். சோம்பேறிகள்தான் ஏழையாகிறார்கள் என்பது அவர் கணக்கில் பச்சைப் பொய். இது முக்கியம். செல்வம் ஆசீர்வாதம் என்று சொல்லிவிட்டால், வறுமை அவரவர் குற்றம் என்றும் சொல்ல வேண்டி வரும்.

மூன்று விதி

லூக்கா நற்செய்தியின் அநீதியுள்ள உக்கிராணக்காரன் உவமையை வைத்துப் பணத்தைப் பற்றி அவர் செய்த பிரசங்கம் 1760-ல் அச்சானது. முடிந்தவரை சம்பாதி, முடிந்தவரை மிச்சப்படுத்து, முடிந்தவரை கொடு என்பது அதன் சாரம். சம்பாதிப்பதற்கே நிறைய நிபந்தனை உண்டு: உடம்பைக் கெடுத்துக்கொண்டு கூடாது, அடுத்தவரைக் கெடுத்தும் கூடாது. சாராயம் விற்பவரையும், கட்டணத்துக்காக நோயை இழுத்தடிக்கும் வைத்தியரையும் அதில் விளாசியிருக்கிறார். பணம் கடவுளுடையது, மனிதன் வெறும் உக்கிராணக்காரன். தனக்கும் குடும்பத்துக்கும் தேவையானது போக மீதி மற்றவர்களுக்கு.

நடந்தது என்ன? குடியை விட்டு, கடுமையாக உழைத்து, சிக்கனமாக வாழ்ந்த மெதடிஸ்ட்களில் பலருக்குக் காசு சேர்ந்தது. முதல் இரண்டு விதி பிடித்தது, மூன்றாவது கசந்தது. பக்தி உழைப்பைக் கொண்டு வரும், உழைப்பு செல்வத்தைக் கொண்டு வரும், செல்வம் வந்ததும் அதே பக்தி செத்துப்போகும் என்று 1786-ல் எழுதினார். முதலாளித்துவம் பற்றிய தன் புகழ்பெற்ற ஆய்வில் மாக்ஸ் வெபர் எடுத்துக் காட்டியது இந்தப் பகுதியைத்தான். பணம் பெருகுவதை ஆசீர்வாதமாகக் கொண்டாட வேண்டிய நேரத்தில், அதை நோயாகப் பார்த்தவர் வெஸ்லி.

கடைசி 10 வருடங்களில் இதே பொருளில் திரும்பத் திரும்பப் பேசினார், கொஞ்சம் கடுப்பாகவே. 1789-ல் டப்ளினில், 50,000 மெதடிஸ்ட்களில் மூன்றாவது விதியைக் கடைப்பிடிப்பவர்கள் 500 பேராவது தேறுவார்களா என்று கேட்டார். அதற்கு 4 வருடம் முன்பு, 81 வயதில், உருகும் பனியில் கணுக்கால் நனைய லண்டன் தெருக்களில் நடந்து, ஏழைகளுக்குத் துணி வாங்க 200 பவுண்டு பிச்சை கேட்டுச் சேர்த்தவர் அவர். கேட்கும் உரிமை இருந்தது.

கடனும் புத்தகங்களும் நீங்கலாக 10 பவுண்டு விட்டுச் செத்தால் என்னைத் திருடன் என்று சொல்லுங்கள் என 1740-களிலேயே எழுதியிருந்தார். 1791 மார்ச் 2 அன்று லண்டன் சிட்டி ரோடு வீட்டில் இறந்தார். புத்தக வருமானத்தில் தம்பி சார்லஸின் மனைவிக்கு வருடாந்திரத் தொகை, மற்றது இயக்கத்துக்கு. சட்டைப் பையிலும் மேஜை அறையிலும் இருந்த சில்லறையை 4 பேருக்குப் பிரித்துக் கொடுக்க உயிலில் எழுதியிருந்தார். சவ வண்டி வேண்டாம், ஆடம்பரம் வேண்டாம். உடலைச் சுமக்க 6 ஏழைகளைக் கூப்பிட்டு, ஆளுக்கு 1 பவுண்டு கொடுங்கள் என்றும் அதில் இருந்தது. கூட்டம் கூடிவிடும் என்று பயந்து, மார்ச் 9 அன்று பொழுது விடியும் முன்பே அடக்கம் செய்தார்கள்.