சிங்கமும் புலியும் வளர்த்த ஹெஸ்ஸே

1911ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில், மழை ஓய்ந்த ஒரு குளிர்ந்த காலைப்பொழுதில், 34 வயதுடைய ஜேர்மானியர் ஒருவர் நுவரெலியாவிலிருந்து தன்னந்தனியே பீதுருதலாகல மலைமீது ஏறினார். வயிற்றுக்கடுப்பால் நலிந்த உடம்பு. மூன்று மாதப் பயணத்தில் கண்ட எதுவும் மனத்தை நிறைக்கவில்லை. ஊருக்குத் திரும்புமுன் இந்தியப் பயணத்திற்குத் தகுந்த ஒரு விடைபெறுதல் வேண்டும் என்று கருதி, இலங்கையின் மிகவுயர்ந்த சிகரத்தை அவர் தேர்ந்துகொண்டார். அவர்தாம் பின்னாளில் சித்தார்த்தன் கதையை எழுதி உலகப் புகழ்பெற்ற ஹெர்மன் ஹெஸ்ஸே.

அந்நாவலைத் திருலோக சீதாராம் தமிழாக்கியிருக்கிறார். அதனைப் படித்த மாணவர் சிலர், இவர் இந்தியாவில் பல்லாண்டு வாழ்ந்தவரோ என்று என்னிடம் வினவியதுண்டு. இந்தியப் பெருநிலத்தில் அவர் காலூன்றித் தங்கியதே இல்லை என்று நான் சொன்னால் அவர்கள் நம்புவதில்லை. நானோ அவருடைய தத்துவத்தைக் காட்டிலும் அவர் வீட்டுப் பூனைகளின் வழியாகவே அவரை நெருங்கினேன். ஆதலின் அவர் வரலாற்றை என் போக்கிலே சொல்கின்றேன்.

ஹெஸ்ஸேயின் இந்தியத் தொடர்பு தாய்வழி வந்தது. அவருடைய பாட்டனார் ஹெர்மன் குண்டர்ட் 1836இல் சமயப் பணிக்காகத் தென்னிந்தியா வந்தவர். திருநெல்வேலியிலும் சித்தூரிலும் இருந்த நாட்களில் தமிழும் தெலுங்கும் பயின்றார். பின்னர் தலச்சேரிக்குச் சென்று மலையாளத்தில் மூழ்கினார். அவர் தொகுத்த மலையாள அகராதி 1872இல் வெளிவந்தது. மலையாள இலக்கணமும் எழுதினார். அம்மொழியின் முதற் செய்தியிதழாகிய ராஜ்யசமாசாரம் 1847இல் அவர் முயற்சியால் பிறந்தது. வேற்று நாட்டார் ஒருவர் திராவிட மொழியொன்றுக்கு இத்தனை செய்தார் என்றால், தமிழாசிரியனாகிய எனக்கு அவர்மீது தனியொரு பற்று உண்டாவதில் வியப்பில்லை. அவர் மகள் மேரி 1842இல் தலச்சேரியிலே பிறந்தார். மேரியின் கணவர் யோகான்னஸ் ஹெஸ்ஸேயும் மங்களூர்ப் பகுதியில் பணியாற்றி, உடல்நலம் கெட்டுத் தாயகம் திரும்பியவர். இவ்விருவருக்கும் 1877 ஜூலை 2ஆம் நாள், கருங்காடு எனப்படும் மலைக்காட்டுப் பகுதியிலுள்ள கால்வ் என்னும் சிற்றூரில் ஹெர்மன் பிறந்தார். இந்தியப் பொருள்களும் இந்திய நூல்களும் நிறைந்த பாட்டனார் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு, காணாத அந்நாடு கனவு நாடாயிற்று.

இளமை இனிதாக அமையவில்லை. மவுல்பிரோன் மடாலயப் பள்ளியில் சேர்க்கப்பட்டவர், 1892இல் அங்கிருந்து ஓடிப்போனார். அவ்வாண்டிலேயே தற்கொலைக்கும் முயன்றார்; அப்போது வயது 15 நிறையவில்லை. பிறகு கோபுரக் கடிகாரத் தொழிற்சாலையில் அரமெடுத்து இரும்பு தேய்த்தார். தியூபிங்கன் நகரப் புத்தகக் கடையொன்றில் தொழில் பழகினார். 1904இல் வெளிவந்த பீட்டர் காமென்சிந்து என்ற நாவல் அவரை ஒரே ஆண்டில் பெயர்பெற்ற எழுத்தாளராக்கியது. அவ்வாண்டே மரியா பெர்னூயியை மணந்து, கொன்ஸ்தன்ஸ் ஏரிக்கரையிலுள்ள கையன்ஹோபன் என்ற ஊரிற் குடியேறினார்.

அங்கே அவர் வீட்டிற் பூனை புகுந்தது. கத்தமெலாத்தா என்று அதற்குப் பெயர். தேன் பூசிய பூனை என்பது பொருள். உண்மையில் அது 15ஆம் நூற்றாண்டு இத்தாலியப் படைத்தலைவன் ஒருவனின் பட்டப்பெயர். அவன் குதிரைமேல் வீற்றிருக்கும் வெண்கலச் சிலையைத் தொனதெல்லோ என்ற சிற்பி வடித்தான், இன்றும் பதுவா நகரிற் காணலாம். எலி பிடிக்கும் வீட்டுப் பூனைக்குச் சேனாதிபதியின் பெயரைச் சூட்டியவர் பூனையின் நடையை உற்றுப் பார்த்தவராகவே இருத்தல் வேண்டும். இரை உண்டாலும் இல்லாவிட்டாலும் படை நடத்திச் செல்வது போன்ற அந்த மிடுக்கை வேறெந்த வீட்டு விலங்கிடமும் காண்பதற்கில்லை.

வீடு, மனைவி, மூன்று புதல்வர், தோட்டம், பூனை என்று எல்லாம் வாய்த்தபின்னும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. இளைய மகன் பிறந்து இரண்டு மாதம் ஆவதற்குள், 1911 செப்தெம்பரில், ஓவிய நண்பர் ஹான்ஸ் ஸ்தூர்ஸெனெக்கருடன் கப்பலேறினார். கம்பன் தன் அவையடக்கத்தில் ஒரு பூனையைக் காட்டுகிறானே, பாற்கடலை அடைந்து அதனை முழுவதும் நக்கிக் குடித்துவிட முனைந்த பூனை, அதன் நினைவே எனக்கு வருகிறது. ஹெஸ்ஸே அப்படித்தான் கீழைநாட்டின் கரையை வந்தடைந்தார். பினாங்கு, சிங்கப்பூர், சுமாத்திராவிலுள்ள பாலெம்பாங் எல்லாம் சுற்றினார். வெப்பம் வாட்டியது; துயில் வரவில்லை. தாய் பிறந்த மலையாளக் கரைக்குச் செல்லும் எண்ணம் நிறைவேறவில்லை. கண்டியில் மழையும் நோயும் அவரைக் கட்டிலில் கிடத்தின. எழுந்து தலதா மாளிகைக்குச் சென்றபோதோ இருளும் மெழுகுதிரி ஒளியும் காசுக்கு நீண்ட கைகளும் எதிர்ப்பட்டன.

அங்கிருந்துதான் நுவரெலியாவுக்கு வந்தார். வந்தவர் கண்டவற்றை மழுப்பாமல் எழுதியிருக்கிறார். தகரக் கூரைகளும், வெள்ளையருக்காக வீணே விரிந்துகிடந்த டென்னிஸ், கோல்ஃப் மைதானங்களும், குடிசை வாசலிற் போர்வை போர்த்து நடுங்கிக்கொண்டிருந்த சிங்கள மக்களும் அவர் கண்ணிற் பட்டனர். நிலத்தோற்றமோ அவர் பிறந்த கருங்காட்டை ஒத்திருந்ததாம்! கடல்கடந்து தேடி வந்தவருக்குக் கிடைத்தது பிறந்த ஊரின் சாயல்.

பீதுருதலாகலவின் உச்சி 2,524 மீட்டர் உயரம். இன்று அங்கே ஒளிபரப்புக் கோபுரங்கள் நிற்கின்றன. அன்று காடும் காற்றும் மேகமுமே இருந்தன. மேகம் விலகிய சிறுபொழுதில் நீலமலைத் தொடர்களையும் சிவனொளிபாத மலையையும் கண்டு அவர் நெடுநேரம் நின்றார். தென்னையும் கோயிலும் நெல்வயலும் அழகானவைதாம்; ஆயினும் அவை தமக்கு எப்போதும் அயலாகவே இருந்தன என்பதும், கரடுமுரடான, வறிய, குளிர்ந்த நிலத்திலேயே தமது வேர் ஊன்றியிருக்கிறது என்பதும் அவ்வுச்சியில் அவருக்குத் தெளிவாயின. இச்செய்தி 1913இல் வெளிவந்த அவருடைய பயண நூலில் இருக்கிறது.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். அவர் நின்ற உச்சியின் கீழே, நாற்புறச் சரிவுகளிலும், அந்நேரத்தில் எம்மவர் கொழுந்து கொய்துகொண்டிருந்தனர். அவர்கள் பேசியது குண்டர்ட் தென்னிந்தியாவில் முதன்முதற் பயின்ற தமிழ். பேரனுக்கும் அம்மொழிக்கும் இடையே ஒரு மூடுபனித்திரைதான் இருந்தது. ஆயினும் எம்மவர் முகம் எதுவும் அவர் எழுத்திலிருந்து என் நினைவில் நிற்கவில்லை. குளிரில் நடுங்கியோரைக் கண்ட கண்ணுக்கு அவர்களும் தென்பட்டிருக்கலாம் என்று நான் எண்ணுவதுண்டு.

ஊர் திரும்பிய அடுத்த ஆண்டே சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகருக்குக் குடிபெயர்ந்தார். பின்னர் வந்தவை துன்ப ஆண்டுகள். முதலாம் உலகப் போர் மூண்ட 1914இல், எழுத்தாளர்கள் பகைமையைத் தூண்டலாகாது என்று கட்டுரை எழுதியதற்காகத் துரோகி எனப்பட்டார். நண்பர் பலர் விலகினர். போர்க்கைதிகளுக்கு நூல்கள் அனுப்பும் பணியில் தம்மைத் தேய்த்துக்கொண்டார். 1916இல் தந்தை இறந்தார். இளைய மகன் கடும் நோயுற்றான். மனைவியின் மனநலம் குலைந்தது. அவரும் மனநோய் மருத்துவரை நாடினார். 1919இல் குடும்பம் சிதறிய நிலையில், தென் சுவிற்சர்லாந்து மலையூராகிய மொந்தஞோலாவிற்கு ஒற்றையாளாக வந்து சேர்ந்தார். ஜேர்மன் நாணயம் மதிப்பிழந்து வருவாய் வற்றியது. காட்டிற் பொறுக்கிய கஷ்கொட்டைகளும் அவருக்கு உணவாயின. அக்காலத்திலேதான் சித்தார்த்தனைத் தொடங்கினார். கதை பாதியில் ஓராண்டுக்கு மேல் நின்றுவிட்டது. தாம் வாழ்ந்தறியாத நிலையை எழுத அவரால் இயலவில்லை. 1922இல் நூல் முடிந்தது. ஆசிரியர் எவரிடமும் அமையாமல் ஆற்றங்கரையிலிருந்து கற்றவனின் கதை அது.

1931இல் அவர் வாழ்வு ஒரு கரைக்கு வந்தது. சூரிச் நகரத்து நண்பர் போட்மர் அவருக்கென்றே ஒரு வீடு கட்டி, வாழ்நாள் முழுவதும் இருந்துகொள்ளக் கொடுத்தார். சிவப்பு வண்ணம் பூசிய அவ்வீட்டில், அவ்வாண்டு மணந்த நீனோனுடன் குடிபுகுந்தார். சிறுமியாக இருந்தபோதே அவருக்குக் கடிதம் எழுதிய வாசகி நீனோன். கலை வரலாறு கற்றவர். கண்ணோயால் வருந்திய கணவருக்கு மாலைதோறும் நூல்களை வாசித்துக் காட்டியவர். இவ்வீட்டிலேதான் சிங்கமும் புலியும் வளர்ந்தன. ஜேர்மன் மொழியில் அப்பொருள் தரும் பெயர்களே அவ்விரு பூனைகளுக்கும் சூட்டப்பட்டிருந்தன.

பெயர் வைப்பதில் நம் மலையகப் பிள்ளைகளும் இளைத்தவரல்லர். ஹற்றன் அருகே நான் குடியிருந்த ஆசிரியர் விடுதியில் இரண்டு பூனைகள் இருந்தன. அயலிலுள்ள லயத்துப் பிள்ளைகள் மூத்ததைப் பெரியதுரை என்றும் இளையதைச் சின்னத்துரை என்றும் அழைத்தனர். அப்பெயர்கள் எவ்வளவு பொருந்தின என்பதைத் தோட்டத்தில் வாழ்ந்தோர் அறிவர். பெரியதுரை அழைத்தால் வராது. அழையாதபோது வந்து நாற்காலியைக் கேட்கும். மார்கழிக் குளிரில் அடுப்புச் சாம்பலிலே புரண்டு, வெள்ளையாகச் சென்றது சாம்பல் நிறமாகத் திரும்பும். நெத்தலிக் கருவாடன்றி வேறெதையும் முகர்ந்து பார்ப்பதோடு சரி. சின்னத்துரையின் ஆட்சி வேறுவகை. அயல்வீட்டுக் கொழுந்துக் கூடைக்குள் ஒளிந்திருந்து, காலையிற் கூடையை எடுப்பவர் கையிற் பாயும். விடைத்தாட் கட்டை நான் அவிழ்க்கும் வரை தூங்குவதுபோற் கிடந்து, அவிழ்த்தவுடன் அதன்மேல் ஏறி அமரும்; தள்ளினால் மூக்குக்கண்ணாடியைக் கையால் தட்டிவிட்டு, ஒன்றும் அறியாததுபோல் யன்னல் வழியே மலையைப் பார்க்கும். ஒருநாள் நன்னூல் உரையின்மேல் எலியொன்றைக் கொணர்ந்து வைத்தது. காணிக்கையா, உரையைப் பற்றிய கருத்தா என்று இன்றளவும் எனக்கு விளங்கவில்லை. வெருகின் குட்டியைப் பறழ் என்றும் சொல்லலாம் என்று தொல்காப்பிய மரபியல் விதித்திருக்கிறது. இத்தனை நுணுகிப் பெயர் வகுத்தவர் வீட்டிலும் ஒரு சின்னத்துரை இருந்திருக்கும் போலும்.

ஹெஸ்ஸே தம் வாயிலில், பார்வையாளர் வரவேண்டாம் என்று வேண்டும் பலகையொன்றை மாட்டியிருந்தார். புகழ் அவரை அவ்வளவு தொல்லைப்படுத்தியது. எழுதி வந்தவர்க்கெல்லாம் மறுமொழி எழுதினார். அவ்வகையில் ஏறத்தாழ 35,000 கடிதங்கள் அவர் கையிலிருந்து சென்றன என்பர். பலகையைப் படிக்கத் தெரியாத உயிர்கள் பூனைகளே. தோட்டத்தில் களை பறித்து, சருகுகளைக் குவித்துத் தீமூட்டி, அப்புகையருகே அமர்ந்திருப்பது அவருடைய நாள்வழக்கம். பூனையைக் கையில் ஏந்தியபடி அவர் நிற்கும் நிழற்படங்களும் உண்டு. பிற படங்களில் ஒட்டிய கன்னமும் கூர்ந்த கண்ணுமாய் நம்மை விலக்கும் அம்முகம் இவற்றில் மட்டும் இளகியிருக்கிறது. அறிவுரை வேண்டி அவரிடம் வந்தோர் ஆயிரவர். எதையும் வேண்டாமல் மடியில் வந்து படுத்தவை இவை இரண்டும். மடாலயத்தையும் நாட்டையும் கட்சியையும் விட்டு ஓடியவருக்கு, எவர்க்கும் பணியாமலே ஒரு வீட்டில் அன்போடு வாழ முடியும் என்பதை இவை நாடோறும் காட்டியிருக்கும் என்று நான் கருதுகிறேன். நாய் வளர்ப்போர் என்மீது சினங்கொள்ள வேண்டா.

ஆயினும் அப்பலகை மனிதர் எல்லோரையும் தடுக்கவில்லை. 1933இல் ஹிட்லர் ஆட்சி தொடங்கியதும் ஜேர்மனியை விட்டு வெளியேறிய தோமஸ் மான், பெர்தோல்ட் பிரெக்ட் முதலியோர் அவ்வீட்டிற்கு வந்தனர். பெயர் அறியாத ஏதிலியர் பலருக்கும் அது புகலாயிற்று. நீனோன் யூத குலத்தவர். அவர் பிறந்த செர்னோவிட்ஸ் நகரத்து யூதர் பெருந்தொகையினர் அழிக்கப்பட்டனர். அந்த ஆண்டுகளிலே, நாளொன்றுக்குச் சில வரிகளாக, கண்ணாடி மணி விளையாட்டு என்னும் பெருநாவலை அவர் எழுதி முடித்தார். ஜேர்மனியில் அச்சிட இசைவு கிடைக்காமையால் 1943இல் சூரிச்சில் வெளியாயிற்று. மூன்றாண்டு கழித்து நோபல் பரிசு வந்தது. பெற்றுக்கொள்ள அவர் ஸ்டாக்ஹோமுக்குப் போகவில்லை. நோயும் களைப்பும் காரணம்; இந்தியப் பயணத்திற்குப் பின் நெடுந்தொலைவுப் பயணங்களை அவர் விரும்பியதும் இல்லை.

1962 ஆகஸ்டு மாதத்து முதல் வாரத்தில், முறிந்தும் மரத்தை விட்டு விழாமல் ஆண்டுக்கணக்காய்த் தொங்கிக் கிறீச்சிடும் ஒரு கிளையைப் பற்றிச் சிறு கவிதை எழுதினார். நிறைவு பெறாமல் மூன்று முறை திருத்தினார். 8ஆம் நாள் மாலையில் மொசார்ட்டின் இசை கேட்டார். நீனோன் வழக்கம்போல் வாசித்துக் காட்டினார். மறுநாட் காலை அவர் துயிலெழவில்லை. வயது 85. மொந்தஞோலாவிலிருந்து நடந்துபோகும் தொலைவிலுள்ள சந்தபோந்தியோ தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கஞ் செய்தனர். நான்காண்டுகளின் பின், 1966இல், நீனோனும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.