உற்றுநோக்கிய அறிஞர் லூயி துய்மோன்

வைகை அணையிலிருந்து ஆண்டிபட்டி வந்து, கிழக்கே கணவாயைக் கடந்தால் உசிலம்பட்டி வட்டாரத்தை அடையலாம். அணை திறக்கப்பட்டது 1959இல். அதற்கு ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு முன், இவ்வட்டாரத்துப் பிரமலைக் கள்ளர் சமூகத்தை ஆராய வந்தவர் பிரெஞ்சு அறிஞர் லூயி துய்மோன்.

இவர் 1911இல், இன்றைய கிரேக்க நாட்டின் தெசலோனிக்கி நகரில் பிறந்தார். பாரிசில் மார்சல் மோசிடம் மானுடவியல் பயின்றார். இரண்டாம் உலகப்போரில் செருமானியரிடம் சிறைப்பட்டிருந்தபோதே சமற்கிருதம் கற்றார். போருக்குப்பின் தமிழ் கற்று, தமிழகம் வந்தார்.

அக்காலத்தில் அச்சமூகத்தைப் பற்றி அரசிடம் குவிந்திருந்தவை காவல்துறைப் பதிவேடுகளே. குற்றப்பரம்பரைச் சட்டத்தின்கீழ் அம்மக்களிடம் கைரேகை பெறப்பட்டது. பதிவு செய்யப்பட்டோர் இரவில் காவல் நிலையத்தில் தங்க வேண்டியிருந்தது. சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல் நீக்கப்பட்டது. பதிவேடு, மக்களைக் குற்றத்தின் வழியே மட்டும் கண்டது. துய்மோனோ அவர்களிடையே தங்கி, அவர்தம் உழவு, வீடு, திருமணம், சீர்வரிசை, வழிபாடு ஆகிய அனைத்தையும் நேரில் கண்டு குறித்தார். இதுவே சமூகவியலில் உற்றுநோக்கல் முறை எனப்படும்.

மாமன் என்னும் சொல் தாயின் உடன்பிறந்தானையும் மனைவியின் தந்தையையும் குறிப்பது தமிழர்க்குப் பழகிய செய்தி. பழகியதாலேயே அதன் காரணத்தை எவரும் வினவுவதில்லை. மாமன் செய்யும் சீரைத் தலைமுறைதோறும் பின்தொடர்ந்து நோக்கிய துய்மோன் ஓர் உண்மையைக் கண்டார். பிள்ளைக்கு மாமனாக நின்று சீர் செய்பவரே தந்தைக்கு மைத்துனர். ஆகவே, மாமன் உறவு தாய்வழிக் குருதி உறவு மட்டுமன்று. திருமணத்தால் அமைந்த கொண்டான் கொடுத்தான் உறவு அடுத்த தலைமுறைக்கும் தொடர்வதே அது. திராவிட உறவுமுறை பற்றி 1953இல் வெளிவந்த இவரது கட்டுரை, இக்கருத்தை உலக அறிஞர்களின் ஆய்வுக்கு உரியதாக்கியது.

கள ஆய்வின் முழுப்பயன் 1957இல் பிரெஞ்சு மொழியில் நூலாயிற்று. ஆங்கில மொழிபெயர்ப்பு 1986இல் வந்தது. சாதியமைப்பைப் பற்றி இவர் 1966இல் வெளியிட்ட நூல் பெரும்புகழ் பெற்றது. எனினும், அது சாதியை மேலிருந்து நோக்குகிறது என்று அறிஞர் பலர் மறுத்துரைத்தனர். 1998இல் துய்மோன் மறைந்தார்.

கோட்பாடுகள் காலந்தோறும் மறுக்கப்படலாம். ஆயினும், பொறுமையுடன் நேரில் கண்டு எழுதிய குறிப்புகள், மறுப்பவர்க்கும் சான்றாக நிலைத்து நிற்கும்.