சிறிய உருவம், பெரிய பொறுப்பு

காலை வழிபாட்டு வரிசையில் முன்னால் நிற்பவர்கள் யார்? உயரம் குறைந்தவர்களே. வகுப்பில் முதல் பெஞ்சும் அவர்களுக்கே. கரும்பலகையின் மேல்வரியை அழிக்க வேண்டுமானால் அவர்கள் எம்பிக் குதிக்க வேண்டும். பேருந்தில் மேல்கம்பி எட்டாது. பிறருடைய முழங்கை முகத்தில் இடிக்க, இருக்கையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். புதுச் சீருடை வந்தால் அடியில் ஒரு சாண் மடித்துத் தைக்க வேண்டும். இவை எல்லாவற்றையும்விடத் துன்பம் தருவது பட்டப்பெயர். பத்தாம் வகுப்புக்கு வந்த பின்னும் "குள்ளி" என்றும் "பாப்பா" என்றும் அழைக்கப்படுவோர் நம்மில் உண்டு. இவளால் என்ன செய்ய முடியும் என்று உருவத்தைப் பார்த்தே பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

இது இன்று நேற்றுத் தோன்றிய தொல்லை அன்று. இயேசுவைக் காண விரும்பிய சக்கேயு, குள்ளமாக இருந்ததால் மரத்தில் ஏற வேண்டியிருந்தது என்று விவிலியத்தில் படிக்கிறோம். பெரிய தேருக்குச் சிறிய அச்சாணி எவ்வளவு இன்றியமையாதது என்று திருவள்ளுவரும் எடுத்துக் காட்டியிருக்கிறார். இத்தொல்லையோடு வாழ்ந்து, நம் அரியலூரோடும் மறக்க முடியாத தொடர்பு கொண்ட ஒரு பெரியவரின் வரலாற்றை இங்கே எழுத விரும்புகிறோம். அவரே அமரர் லால் பகதூர் சாஸ்திரி. அவருடைய உயரம் 5 அடி 2 அங்குலம்.

அவர் 2-10-1904 அன்று காசிக்கு அருகிலுள்ள முகல்சராயில் பிறந்தார். தந்தையார் சாரதா பிரசாத் ஆசிரியராக இருந்தவர். லாலுக்கு இரண்டு வயது நிறையும் முன்பே அவர் காலமானார். தாயார் ராம்துலாரி தேவி குழந்தைகளுடன் பிறந்த வீட்டில் வந்து தங்கினார். அங்கே லாலை எல்லோரும் "நன்ஹே" என்று அழைத்தனர். பொடியன் என்பது அதன் பொருள். சிறுவர்கள் ஒரு தோட்டத்தில் புகுந்து மரமேறிப் பழம் பறித்தபோது, மரமேற முடியாத லால் கீழே நின்று ஒரு பூவைப் பறித்தாராம். தோட்டக்காரர் வந்ததும் மற்றவர்கள் ஓடிவிட, அகப்பட்டது நன்ஹே மட்டுமே என்று ஒரு கதை சொல்வார்கள்.

பள்ளியில் படிக்கும்போதே காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டு விடுதலை இயக்கத்தில் சேர்ந்தார். "சாஸ்திரி" என்பது அவருடைய சாதிப் பெயர் அன்று. காசி வித்யாபீடத்தில் 1925ஆம் ஆண்டு தேறிப் பெற்ற பட்டம் அது. சாதியைக் காட்டும் பெயரை அவர் முன்பே நீக்கிவிட்டார். விடுதலைப் போரில் பல ஆண்டுகள் சிறையில் கழித்தார்.

1952ஆம் ஆண்டு அவர் மத்திய இரயில்வே அமைச்சரானார். இனி வருவது நம் ஊர்க் கதை. பெரம்பலூரில் இரயில் நிலையம் இல்லை. இரயில் ஏற வேண்டுமானால் அரியலூருக்குத்தான் செல்கிறோம். அந்த அரியலூருக்கும் கல்லகத்திற்கும் இடையே மருதையாறு ஓடுகிறது. 1956 நவம்பர் 23 அன்று விடியற்காலை, மழையால் ஆறு பெருக்கெடுத்து ஓடியது. சென்னையிலிருந்து தூத்துக்குடி நோக்கி வந்த எக்ஸ்பிரஸ் வண்டி அங்கே விபத்துக்குள்ளானது. பெட்டிகள் வெள்ளத்தில் விழுந்தன. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

அவ்வாண்டு செப்டம்பரில் மகபூப்நகரில் ஒரு விபத்து நடந்திருந்தது. அப்போதே சாஸ்திரி பதவி விலக முன்வந்தார். பிரதமர் நேரு அதை ஏற்கவில்லை. அரியலூர் விபத்துக்குப் பின் அவர் மீண்டும் விலகல் கடிதம் கொடுத்தார். மழையையும் ஆற்றையும் காரணம் காட்டித் தப்பித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. இம்முறை நேரு ஏற்றுக்கொண்டார். விபத்துக்குச் சாஸ்திரி காரணம் அன்று என்றும், பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது நல்ல முன்மாதிரி என்றும் நாடாளுமன்றத்தில் விளக்கினார்.

1961இல் அவர் உள்துறை அமைச்சரானார். 1964 தொடக்கத்தில் நேரு அவரைக் காஷ்மீருக்கு அனுப்பியபோது, குளிருக்கு ஏற்ற கோட்டு அவரிடம் இல்லை. நேரு தம்முடைய கோட்டையே கொடுத்தார். அது சாஸ்திரிக்கு ஏறக்குறையத் தரையைத் தொட்டதாம். இதை அவருடைய மகன் நினைவுகூர்ந்திருக்கிறார். மடித்துத் தைத்த சீருடை அணிபவர்களுக்கு இது நன்றாகப் புரியும்!

அவ்வாண்டு ஜூன் மாதம் அவரே பிரதமரானார். நேருவின் இடத்தில் இந்தச் சிறிய மனிதரா என்று உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பலர் ஐயுற்றனர். பாகிஸ்தான் அதிபர் அயூப்கான் 6 அடிக்கு மேல் உயரமானவர். அவரும் சாஸ்திரியைக் குறைவாகவே மதித்தார் என்று வரலாற்று ஆசிரியர்கள் எழுதியுள்ளனர். 1965இல் போர் மூண்டது. சாஸ்திரி கலங்கவில்லை. உறுதியோடு நாட்டை நடத்தினார். உணவுப் பஞ்சம் நெருக்கியபோது, வாரத்தில் ஒரு வேளை உணவைத் துறக்கும்படி மக்களைக் கேட்டார். அதற்கு முன் தம் வீட்டில்தான் அதை நடத்திப் பார்த்தார்.

1966 ஜனவரி 10 அன்று தாஷ்கண்ட் நகரில் இருவரும் அமைதி உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். அங்கே எடுத்த படங்களில் சாஸ்திரி அயூப்கானின் தோளைத் தாண்டி அதிகம் இல்லை. அன்றிரவே, 11ஆம் தேதி பிறந்த சற்று நேரத்தில், அவர் மாரடைப்பால் காலமானார். விமானத்தில் ஏற்ற அவருடைய சவப்பெட்டியைத் தோள் கொடுத்துச் சுமந்தவர்களுள் ஒருவர் அயூப்கான். அந்த ஆண்டே சாஸ்திரிக்குப் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. மறைவுக்குப் பின் அவ்விருதைப் பெற்றவர்களுள் அவரே முதல்வர்.

தோழியரே, உயரம் நம் கையில் இல்லை. நெட்டையாக இருப்பவர்களும் கேலிக்குத் தப்புவதில்லை. அவர்கள் கூனி நடக்கப் பழகிவிடுகிறார்கள். ஆனால் நமக்குத் தந்த வேலையில் பிழை நேர்ந்தால் பிறர் மேல் பழி போடாமல் முன்வந்து நிற்பது நம் கையில் இருக்கிறது. அதற்கு எட்டாத உயரம் எவருக்கும் இல்லை. இனி ஒருவரையும் உருவத்தைக் கொண்டு அழைப்பதில்லை என்று உறுதி கொள்வோம். அரியலூரில் இரயிலேறி மருதையாற்றுப் பாலத்தைக் கடக்கும்போது, அன்று உயிரிழந்தவர்களுக்காக ஒரு நொடி செபிப்போம். அவர்களுக்காகத் தம் பதவியைத் துறந்த அந்தச் சிறிய மனிதரையும் நினைவுகூர்வோமாக.