மலையில் வழி திறந்த மன்னர்

இடப்பள்ளியிலிருந்து வல்லார்பாடத்திற்கு வேம்பநாட்டுக் காயலின்மேல் செல்லும் தொடர்வண்டிப் பாலத்தை நீங்கள் அறிவீர்கள். அது 2011 இல் திறக்கப்பட்டது. அதனினும் நூறாண்டு மூத்த கருங்கல் பாலம் ஒன்று, கேரளத்தையும் தமிழ்நாட்டையும் இணைக்கும் மலைப்பாதையில் இன்றும் தொடர்வண்டிகளைத் தாங்கி நிற்கின்றது. அப்பாதை உருவான காலத்தில் திருவிதாங்கூரை ஆண்டவர் ஸ்ரீமூலம் திருநாள் இராமவர்மா.

இவர் 1857 இல் பிறந்தார். தம் மாமன் விசாகம் திருநாளுக்குப் பின் 1885 இல் அரியணை ஏறினார். அந்நாளில் கொல்லம் துறைமுகத்திற்கும் கிழக்கேயுள்ள தமிழ் ஊர்களுக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை தடையாக நின்றது. வணிகம் பெருக, மலையைக் கடக்கும் இருப்புப்பாதை தேவையாயிற்று. கொல்லம் முதல் செங்கோட்டை வரை பாதை அமைக்கும் பணி தொடங்கியது. தொழிலாளர்கள் மலையைக் குடைந்தனர். பள்ளங்களின்மேல் பாலங்களை எழுப்பினர்.

அவற்றுள் புகழ்பெற்றது, கழுதுருட்டிக்கு அருகிலுள்ள பதின்மூன்று கண் பாலம். இது ஏறத்தாழ 100 மீட்டர் நீளமுடையது. வளைவிலுள்ள கற்கள் ஒன்றையொன்று நெருக்கித் தாங்குகின்றன. வண்டியின் எடை வளைவு வழியாகத் தூண்களுக்கும், தூண்கள் வழியாக நிலத்திற்கும் இறங்குகின்றது. 1904 நவம்பரில் இவ்வழியே செங்கோட்டை வரை தொடர்வண்டி ஓடியது. செங்கோட்டை அப்போது திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது.

அதே ஆண்டில், மக்களின் குறைகளைக் கேட்பதற்காக ஸ்ரீமூலம் மக்கள் அவை கூடியது. தொடக்கத்தில் நிலமுடையோரும் வணிகருமே அதில் மிகுதியாக இருந்தனர். 1911 இல் அய்யன்காளி உறுப்பினராக நியமிக்கப்பட்டார். ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலமும் கல்வியும் வேண்டுமென அவர் அவையில் வாதாடினார்.

ஆயினும், மலையில் வழி திறந்த மன்னரின் நாட்டில், வைக்கம் கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் ஒடுக்கப்பட்டோர் நடக்க இயலவில்லை. அத்தடையை எதிர்த்து 1924 இல் அறப்போராட்டம் எழுந்தது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற பெரியார் ஈ. வெ. இராமசாமி அதில் கலந்துகொண்டு சிறைப்பட்டார். போராட்டம் முடியும் முன்னரே, அவ்வாண்டு ஆகஸ்டில் மன்னர் மறைந்தார். அதன் பின்னரே தெருக்கள் திறந்தன.

கல்லால் ஆன மலையைவிட, மனிதர் எழுப்பிய தடையைக் கடப்பது கடினமாயிருந்தது. பதின்மூன்று கண் பாலம் வலுப்படுத்தப்பட்டு, 2018 முதல் அகலப்பாதை வண்டிகளைத் தாங்குகின்றது. பாலக்காட்டிலிருந்து எறணாகுளம் வழியாகத் தூத்துக்குடி செல்லும் பாலருவி விரைவுவண்டியும் அதன்மேல்தான் செல்கின்றது. அவ்வண்டியில் எவரும் எவரருகிலும் அமர்ந்து செல்லலாம்.