எரிந்து முடிந்ததை மறுபடி எரிக்கலாமா? ஹோமி பாபா போட்ட கணக்கும் கல்பாக்கம் நிலவரமும்

நெய்வேலியை ஒட்டிய வடக்குத்துக்காரர்களுக்குப் பழுப்பு நிலக்கரி பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. எரித்தால் மிச்சம் சாம்பல், அவ்வளவுதான். ஆனால் அணு உலையில் எரிந்து முடிந்த எரிபொருளுக்குள் மறுபடி பயன்படும் சரக்கு இருக்கு. அதை நம்பியே நாட்டின் மின்சாரத்துக்குத் திட்டம் போட்டவர் ஹோமி பாபா.

யார் இவர்?

1909-ல் மும்பையில் வசதியான பார்சி குடும்பத்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜுக்கு இன்ஜினியரிங் படிக்கப் போய் இயற்பியலுக்குத் தாவினார். 1939-ல் ஊருக்கு வந்திருந்தபோது உலகப்போர் மூண்டது, இங்கேயே தங்கிவிட்டார். 1948-ல் அணுசக்தி ஆணையத்தின் முதல் தலைவர். நெய்வேலி நிறுவனம் உருவான அதே 1956-ல்தான் இவரது முதல் உலை அப்சராவும் இயங்கியது.

அவர் கணக்கு இதுதான். நம்மிடம் யுரேனியம் கம்மி. மணவாளக்குறிச்சி, கேரளக் கடற்கரை மணலில் தோரியம் ஏராளம். ஆனால் தோரியம் நேரடியாக எரியாது. முதலில் யுரேனியத்தை எரித்து, அதில் உருவாகும் புளூட்டோனியத்தைப் பிரித்து, அதை வேக ஈனுலையில் போட்டு, அதன்பிறகே தோரியம்.

சரி, எப்படிப் பிரிக்கிறாங்க?

எரிந்த எரிபொருளைத் துண்டாக வெட்டி நைட்ரிக் அமிலத்தில் கரைப்பார்கள். பிறகு ஒரு கரிமக் கரைப்பானோடு கலக்கினால் யுரேனியமும் புளூட்டோனியமும் மட்டும் அதில் ஏறிக்கொள்ளும். கடும் கதிர்வீச்சுக் கழிவு அமிலத்திலேயே நிற்கும், அதைக் கடைசியில் கண்ணாடியாக உருக்கி வைப்பார்கள். கதிர்வீச்சு அதிகம் என்பதால் கிட்டே ஆள் போக முடியாது. எல்லாம் தடித்த கான்கிரீட் சுவருக்குள்.

இந்த வேலைக்கு பாபா தேர்ந்தெடுத்தது வேதிப் பொறியாளர் ஹோமி சேத்னாவை. டிராம்பே ஆலை 1964-ல் ஓடத் தொடங்கியது. 1966 ஜனவரி 24-ல் ஆல்ப்ஸ் மலையில் ஏர் இந்தியா விமானம் மோதி பாபா இறந்தார், வயது 56. அந்த ஆலையில் பிரித்த புளூட்டோனியம்தான் 1974-ல் பொக்ரானில் வெடித்தது. மின்சாரத்துக்கான அதே வேதியியல் குண்டுக்கும் உதவும். உலக நாடுகள் இதைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பது அதனால்தான்.

இப்போ என்ன நிலை?

கல்பாக்கத்தில் 500 மெகாவாட் வேக ஈனுலைக் கட்டுமானம் 2004-ல் தொடங்கியது. 2010-ல் முடியும் என்றார்கள். உலை மையத்தை நிரப்பும் பணி தொடங்கியதே 2024 மார்ச்சில். வேக உலை எரிபொருளுக்கான மறுசுத்திகரிப்பு மாதிரி ஆலையும் அதே ஆண்டு ஜனவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இதில் புளூட்டோனியம் அதிகம். ஒரே பாத்திரத்தில் அளவு மிஞ்சினால் தொடர்வினை தானே கிளம்பிவிடும். அமிலமே இல்லாமல் உருகிய உப்பில் பிரிக்கும் முறைக்கும் அங்கே ஆய்வு நடக்கிறது.

தோரியக் கட்டம்? தோரியத்திலிருந்து கிடைத்த யுரேனியம்-233-ல் இயங்கும் காமினி ஆய்வு உலை 1996 முதல் கல்பாக்கத்தில் இருக்கிறது. திறன் வெறும் 30 கிலோவாட்.