பார்பரா மெக்லின்டாக்

பார்பரா மெக்லின்டாக் (ஜூன் 16, 1902 – செப்டம்பர் 2, 1992) ஓர் அமெரிக்க மரபியலாளர் ஆவார். 1927 இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் மக்காச்சோள மணிகளின் நிறப்புள்ளிகளை ஆராய்ந்தபோது, சில மரபுக்கூறுகள் நிறப்புரிகளில் இடம் மாறுவதையும், அவை சென்று அமரும் இடத்திலுள்ள மரபணு செயலிழப்பதையும் கண்டறிந்தார். 1951 இல் இதனை விளக்கியபோது அறிஞர் பலர் ஏற்கவில்லை. 1953 க்குப் பின் இம்முடிவுகளை வெளியிடுவதைப் பெரிதும் குறைத்துக்கொண்டார், ஆய்வையோ நிறுத்தவில்லை. பின்னர் பாக்டீரியாக்களிலும் இத்தகைய கூறுகள் காணப்பட்டன. 1983 இல், தமது 81 ஆவது வயதில், மருத்துவத்திற்கான நோபல் பரிசைத் தனியொருவராகப் பெற்றார்.

மனிதரின் மரபணுத்தொகையிலும் ஏறத்தாழ பாதி இவ்வகைக் கூறுகளிலிருந்து வந்ததே. அவற்றுள் எல்1 என்பது தன் படியை வேறிடத்தில் செருகவல்லது. மனச்சிதைவு நோயாளிகளின் மூளை நரம்பணுக்களில் இப்படிகள் மிகுந்திருப்பதாக 2014 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அறிவித்தனர். எனினும், நோய்க்கு இதுவே காரணம் என்று நிறுவப்படவில்லை.